மாலை போட்ட படத்திலிருந்து ஒரு போன்

அந்தத் தொலைபேசி ஒலித்து அதுவரை நான் கேட்டதே இல்லை. பச்சை நிறம், சுருள் வயர், வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் அது பாட்டுக்குக் கிடக்கும். வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பேன். இணைப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது.

ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றரை மணி இருக்கும், அது அடித்தது.

கேலரியில் என்னைத் தவிர ஆள் இல்லை. திடுக்கிட்டு எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

"ஆர்ட் கேலரிங்களா?" ஒரு வயதான ஆண் குரல்.

"ஆமாங்க."

"அங்க ஒரு படத்துக்கு மாலை போட்டு வெச்சிருக்கீங்களாமே?"

"ஆமாங்க சார். ஓவியர் கலியமூர்த்தி சார் படம். நீங்க யாரு பேசறீங்க?"

எதிர்முனையில் ஒரு இருமல்.

"படத்துல இருக்கறவன்தான் பேசறேன்."

நிமிர்ந்து பார்த்தேன். வாசலுக்கு நேர் எதிரே, சம்பங்கியும் ரோஜாவும் கட்டிய மாலைக்குள்ளிருந்து, நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக அந்த முகம் என்னையே பார்த்தது. மாலை போட்டது நான். பொட்டு வைத்ததும் நான்.

அவரே கேட்டார்.

"மாலை நல்ல மாலையா?"

"சம்பங்கி, ரோஸ் சார்."

"ம்... திருவந்திபுரத்துக்கு வாங்க. சன்னதித் தெரு. படம் போடற சாருன்னா காட்டுவாங்க."

வைத்துவிட்டார்.

வயதான இன்டர்ன்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் புரட்டுகிறவர்களுக்காக: என் பெயர் வளர்மதி. கடலூர் குடிகாட்டில் பிறந்து, சென்னையில் பத்து வருடம் குடித்தனம் நடத்தி, அது நடக்காமல் போய், ஒரு சூட்கேஸோடு அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். அந்தக் கதையைப் போன வாரம் எழுதிவிட்டேன். "கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கலாமே அம்மா" என்று கடிதம் போட்ட வாசகருக்கு ஒரு வார்த்தை. கொடுத்தேன். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

வந்த பிறகு அஞ்சல் வழியில் கலை வரலாறு படித்தேன். படித்து முடித்த சமயம், சிதம்பரத்தில் பல்கலைக்கழக ஆர்ட் கேலரிக்கு இன்டர்ன்களும் தன்னார்வலர்களும் வேண்டும் என்று ஒரு அறிவிப்பு வந்தது. ஆறு மாதம். சம்பளம் கிடையாது, முடிவில் சான்றிதழ் உண்டு. நான்கு பேரைச் சேர்த்தார்கள். மூன்று பேருக்கு இருபத்தொரு வயது. எனக்கு முப்பத்தாறு.

அந்த மூன்று பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள்தான். என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். அவர்களுக்கு வகுப்பு இருந்ததால் சனிக்கிழமை மட்டும் வருவார்கள். மற்ற ஐந்து நாளும் அந்த நீளமான கூடத்தில் நான் ஒருத்திதான். வெளியே வேப்பமரத்தடியில் வாட்ச்மேன் போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார்.

காலை ஏழு நாற்பது பஸ். சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டும்வரை பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் பொத்தியதில்லை. அந்த ரசாயன நெடியிலேயே வளர்ந்தவள். துப்பட்டாவில் அது ஒட்டியிருக்கிறது என்று சென்னையில் ஒருவர் பத்து வருடமும் சொன்னார். கேலரியில் டர்பன்டைன் வாசனையோடு அதுவும் கலந்துவிடும். யாரும் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்ள யாரும் இல்லை என்பதும் உண்மை.

ஒரு நாளைக்கு நாலு பேர் வந்தால் கூட்டம். அதில் ஒருவர் பாத்ரூம் எங்கே என்று கேட்பார். ஒரு ஜோடி மின்விசிறிக்குக் கீழே அரைமணி நேரம் நிற்கும். இன்னொருவர் இதுதான் ஜெராக்ஸ் கடையா என்று எட்டிப் பார்ப்பார். அன்றைக்கு நான் பேசும் முதல் வார்த்தை பெரும்பாலும் "படத்தைத் தொடாதீங்க" என்பதாக இருக்கும். சில நாள் கடைசி வார்த்தையும் அதுதான்.

இருந்தும் போனேன். அண்ணன் சிப்காட்டில் ஷிப்டு வேலை. அண்ணி தங்கமானவர், ஒரு சுடுசொல் கிடையாது. ஆனால் காலை பத்து மணிக்கு வீட்டு வேலை முடிந்துவிடும். அப்புறம் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து அடுத்தவர் அறை மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். அதற்கு இந்தக் காலிக் கூடம் எவ்வளவோ மேல். இங்கே குறைந்தபட்சம் சுவரில் முகங்கள் இருந்தன.

மீந்துபோன மாலை

பொங்கலுக்குப் பிறகு கேலரியின் சொந்தச் சேகரிப்பிலிருந்து ஒரு கண்காட்சி வைப்பதென்று முடிவானது. ஸ்டோர் ரூமைத் திறந்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதிப் படங்களில் வெள்ளையாகப் பூசணம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தட்டித் துடைத்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

பழைய வேட்டியில் சுற்றி வைத்த இந்தப் படம் அங்கேதான் கிடைத்தது. நாற்பது வயது மனிதர் ஒருவர் தன்னைத்தானே வரைந்துகொண்டது. தடித்த மூக்குக்கண்ணாடி. ஒரு புருவம் மட்டும் தூக்கி, யார் நீ, எதற்கு வந்தாய் என்று கேட்கிற பார்வை. பின்னால் 'கலியமூர்த்தி - என் முகம்' என்று எழுதியிருந்தது. எப்போதோ இங்கே வாத்தியாராக இருந்தவர் என்று வாட்ச்மேன் சொன்னார். கேலரிப் பொறுப்பைக் கூடுதலாகப் பார்த்துவந்த பேராசிரியை, நாங்கள் பொறுப்பாளர் மேடம் என்போம், வந்தே இரண்டு வருடம்தான். அவருக்கு எதுவும் தெரியவில்லை. "நல்ல ஒர்க். வாசலுக்கு எதிர்ல மாட்டுங்க," என்றார்.

அவர் இருக்கிறாரா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த அத்தியாயம் இல்லை.

போன் வருவதற்கு முதல் நாள், திறப்பு விழா அன்று, மேல வீதிப் பூக்கடையிலிருந்து இரண்டு மாலை வந்தது. இரண்டு விருந்தினரில் ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை. ஒரு மாலை தாம்பாளத்தில் மீந்து கிடந்தது. பக்கத்தில் சந்தனக் கிண்ணம், குங்குமம். கட்டிய மாலை யார் கழுத்துக்கும் போகாமல் கிடப்பது எனக்கு என்னவோ போல் இருந்தது. எதிரே, வாசலைப் பார்த்தபடி, தனியாக ஒரு முகம்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் பிளஸ் டூ படிக்கும்போது அப்பா போனார். காரியத்துக்கு முதல் நாள் ஸ்டுடியோவிலிருந்து பெரிய படம் போட்டு வந்தது. அம்மா சந்தனத்தைக் குழைத்து, கண்ணாடி மேல் அப்பாவின் நெற்றி எங்கே இருக்கிறது என்று தேடினார். பொட்டு புருவத்தில் விழுந்துவிட்டது. முந்தானையால் துடைத்து மறுபடி வைத்தார். மறுபடியும் தவறியது. மூன்றாம் முறை என் கையைப் பிடித்து வைக்கச் சொன்னார். ஆறு வருடம் கழித்து அம்மா படத்துக்கும் நானே வைத்தேன்.

உயிரோடு இருப்பவர்களின் படம் ஆல்பத்தில் இருக்கும், போனில் இருக்கும். சட்டம் போட்டுச் சுவரில் ஒரே முகமாகத் தொங்கினால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். (அமைச்சர்கள் படம் வேறு கணக்கு.) அன்றைக்கு என் கை என்னைக் கேட்கவில்லை. மாலையை எடுத்துப் போட்டது. சட்டக் கண்ணாடியில் நெற்றியைத் தேடிப் பொட்டு வைத்தது. சட்டத்தின் நான்கு மூலைக்கும் வைத்தது. ஒரு பொட்டுகூடத் தவறவில்லை.

வந்த ஒரே விருந்தினர் குத்துவிளக்கேற்றித் திரும்பினார். மாலை போட்ட படத்தைப் பார்த்தார். ஷூவைக் கழற்றினார். தாம்பாளத்திலிருந்து பூவை அள்ளிப் படத்தின் மேல் தூவிக் கும்பிட்டார். பெரிய மனிதர் தூவினால் பின்னால் நிற்பவர்கள் சும்மா இருப்பார்களா? வரிசை கட்டினார்கள். மேடம் தூவினார். துறை ஆசிரியர்கள் தூவினார்கள். விருந்தினர் பேசும்போது "மறைந்த ஓவியர் அவர்கள்" என்று தொடங்கி, ஒரு நிமிடம் மௌனமாக நிற்கலாமே என்று கேட்டுக்கொண்டார். எழுந்து நின்றோம். எனக்குக் கண் கலங்கியதாகக்கூட ஞாபகம்.

விழாவுக்கென்று வந்திருந்த அந்த மூன்று பிள்ளைகளும் எல்லாவற்றையும் போனில் எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் பூராவும் கூப்பிய கைகள்.

ஒரு கடிதம் வேண்டும்

மேடம் சென்னையில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். புதன்கிழமை அந்த போன் வந்ததும் அவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"வளர்மதி, அவர் இருக்காரா இல்லியான்னு யார்கிட்ட கேட்டீங்க?"

"யார்கிட்டயும் கேக்கல மேடம்."

"இது பேப்பர்ல வந்தா என் தலைதான் உருளும். முதல்ல மாலைய எடுங்க. அப்புறம் நேர்ல போயி ஒரு லெட்டர் வாங்குங்க. தவறுதலா நடந்துடுச்சு, மன்னிச்சுட்டேன், நல்லா இருக்கேன்னு எழுதி அவர் கையெழுத்து. சனிக்கிழமை காலைல என் டேபிள்ல இருக்கணும்."

"கெடைக்கலன்னா மேடம்?"

"அப்ப நீங்க வர வேணாம். சாரி."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தப்பு என்னுடையது. ஆனால் பயந்துபோனேன். நான்கு மாதம் முடிந்திருந்தது, இன்னும் இரண்டு மாதம். சான்றிதழ் போனால் போகிறது. திங்கட்கிழமை ஏழு நாற்பது பஸ் கிளம்பிப் போகும், நான் வீட்டில் இருப்பேன்.

பதினோரு பேர்

மறுநாள் முகூர்த்த நாள். தை மாதத்து முகூர்த்தத்தில் திருவந்திபுரத்துக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும். கல்யாணம் நடக்கும் கோயில் மலைக்குப் போகும் வழியெல்லாம் வேன், நாதஸ்வரம், மாலையும் கழுத்துமாக மணமக்கள். ஒரு கல்யாணக் கூட்டம் இறங்கும்போதே அடுத்தது ஏறும். அந்த நெரிசலில் டைப் செய்த கடிதம் ஒன்றைக் கவரில் வைத்துக்கொண்டு, நான் மாலை போட்ட மனிதரைத் தேடிப் போனேன்.

"படம் போடற சாரா? இப்பதான் டீ குடிச்சிட்டுப் போனாரு," என்றார் டீக்கடைக்காரர். அவர் டீ குடித்தார் என்று கேட்டதில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

கதவு திறந்திருந்தது. கைலியும் பனியனுமாக நாற்காலியில் இருந்தார். தலை பஞ்சாக வெளுத்திருந்தது. காலில் லேசான வீக்கம். அந்த ஒற்றைப் புருவம் மட்டும் படத்தில் இருந்த அதே உயரத்தில் நின்றது. சார்ஜர் வயரோடு போன் மடியில் இருந்தது.

"மாலை போட்டவங்களா?"

"ஆமாங்க சார். தெரியாம..."

போன் அடித்தது. வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு எடுத்தார். குரலைக் கம்மியாக்கிக்கொண்டார்.

"ஆமாங்க... நான் அவரு தம்பி பேசறேன்... தூக்கத்துலயே போயிட்டாருங்க... கஷ்டப்படல. ஒங்க பேரு? நீங்க எந்த பேட்ச்?... அவரப் பத்தி என்னா ஞாபகம் ஒங்களுக்கு? சொல்லுங்க, சொல்லுங்க."

ஐந்து நிமிடம் கேட்டார். வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா சார் இது?"

"பதினோராவது போன். பத்து வருஷமா இதுல வர்றதெல்லாம் கம்பெனிக்காரன் போன்தான். இவன் அழுவுறாம்மா. ஒரே படத்த எட்டு தடவ திருப்பி வரையச் சொன்னனாம், அந்தக் கோவத்துல முன்னுக்கு வந்துட்டானாம். என்னப் பத்தி கண்டபடி செவுத்துல எழுதி வெச்சவன் இவன்தான்."

"தப்பில்லீங்களா சார்? பாவம், நெசம்னு நெனச்சு அழுவறாங்க."

"தப்புதான்," என்றார். தயக்கமே இல்லை.

கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கி முழுவதும் படித்தார்.

"லெட்டர் நல்லாத்தான் இருக்குது. ஆனா இப்ப கையெழுத்துப் போட மாட்டேன்."

"சார்!"

"ஒரு போன் இன்னும் வரல."

யார் போன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். வெளியே ஒரு நாதஸ்வரம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் சொன்னார்.

அவர் மனைவி கடலூர் ஓல்ட் டவுனில் பள்ளிக்கூட ஆசிரியை. அவர் மனைவியை டீச்சர் என்றுதான் சொன்னார். ஒரு மத்தியானம் டீச்சர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது உட்கார்ந்து வரைந்திருக்கிறார். வாய் லேசாகத் திறந்து, கொண்டை அவிழ்ந்து, புடவை விலகிய தூக்கம். அவர் வரைந்ததிலேயே அதுதான் சிறந்த படமாம். டீச்சரிடம் கேட்கவில்லை. கேலரியில் மாட்டிவிட்டார். டீச்சரிடம் படித்த பையன் ஒருவன் கேலரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் சொல்லியிருக்கிறான்.

"மறுநாள் காலைல பஸ் புடிச்சி நேரா சிதம்பரம் வந்தா. செவுத்துலேருந்து படத்த கயட்டனா. கக்கத்துல இடுக்கிகினு போயிட்டா. அவ்ளோதான். ஒரு சண்ட இல்ல, ஒரு சத்தம் இல்ல. இருவத்திரண்டு வருஷம் ஆவுது. பக்கத்துப் பக்கத்து ஊர்லதான் இருக்கறோம்."

"நீங்க போயி பேசலீங்களா?"

"போனேன். கதவு தெறந்துதான் இருந்துச்சு. அந்தப் படம் எங்க மாட்டியிருக்குதுன்னு எட்டிப் பாத்தேன். அத பாத்துட்டா. அப்பகூட படத்ததான் தேடறியான்னு கேட்டா. நான் என்னா சொல்றது? திரும்பிட்டேன்."

எனக்கு அவர் மேல் சட்டென்று கோபம் வந்தது. கேட்காமல் ஒரு பெண்ணின் தூக்கத்தைச் சுவரில் மாட்டிய மனிதர். அப்புறம், கேட்காமல் அவரையே சுவரில் சாகடித்தவள் நான் என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

"சனிக்கிழம வரைக்கும் மாலைய எடுக்காதீங்க," என்றார்.

"சார், லெட்டர் இல்லன்னா என்னை வர வேணாம்னுடுவாங்க."

"சம்பளம் தர்றாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப எதுக்குப் போறீங்க?"

"வூட்ல இருக்க முடியல சார்."

அவர் தலையை ஆட்டினார். காபி போடட்டுமா என்று கேட்டு, போட்டும் கொடுத்தார். சர்க்கரை ஜாஸ்தி. குடித்துவிட்டு, அவர் போன் நம்பரைக் குறித்துக்கொண்டு, கையெழுத்து இல்லாத கடிதத்தோடு கிளம்பினேன்.

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். கெஞ்சியாவது இருக்க வேண்டும். திரும்பி வரும் டவுன் பஸ்ஸில் என் புத்தி வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு யாராவது மாலை போட்டால் எத்தனை போன் வரும்? அண்ணன் வீட்டிலேயே இருப்பதால் அவர் போன் செய்ய மாட்டார். கல்லூரித் தோழி ஒருத்தி. மேடம் ஒருவேளை. கேஸ் சிலிண்டர் போடும் தம்பி, அதுவும் நான் போனை எடுக்காவிட்டால். மூன்றுக்கு மேல் போகவில்லை. சென்னையிலிருந்து வருமா என்று யோசித்தேன். யோசித்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன். பதினோரு பேர் அழுத பிறகும் பன்னிரண்டாவது ஆளுக்காக அவர் காத்திருந்தது அப்போது எனக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை

"மாலைய எடுத்துட்டீங்களா?" என்று மேடம் காலையிலேயே சென்னையிலிருந்து போனில் கேட்டார்.

"எடுத்துட்டேன் மேடம்," என்றேன்.

எடுக்கவில்லை. சம்பங்கி பழுத்துவிட்டிருந்தது. ரோஜா இதழ் ஓரமெல்லாம் கறுத்துத் தரையில் உதிர்ந்தது. பாட்டில் தண்ணீரைக் கையில் ஊற்றித் தெளித்தேன். படத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவளும் நானே.

அன்று முழுவதும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனதில் டீச்சருக்கு ஒரு உருவம் இருந்தது. வெறும் நெற்றி, அழுது வீங்கிய முகம், கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள ஒரு உறவுக்காரப் பெண். வந்தால் தண்ணீர் கொடுக்க வேண்டும், உட்கார வைக்க வேண்டும், அவருக்குத் தெரியாமல் சாருக்குப் போன் போட வேண்டும் என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். மதியம்வரை ஒருவரும் வரவில்லை. தயிர்சாதம் சாப்பிட்டு டப்பாவைக் கழுவினேன். மூன்று மணிக்கு ஒரு அம்மாள் வந்தார்.

அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மாம்பழ மஞ்சளில் கரை வைத்த காட்டன் புடவை, கையில் குடை. நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். தலை கொள்ளாத மல்லிகை. கோயிலில் ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதென்று நுழைந்துவிட்டார் போல என்று நினைத்தேன். பதிவேட்டை நீட்டினேன். வாங்கவில்லை. நேராகப் படத்துக்குப் போனார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு மாலையில் கை வைத்தார்.

"அம்மா, படத்தைத் தொடாதீங்க."

"நான் தொடலாம்," என்றார்.

மாலையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். என் கையில் அது ஈரமாகவும் கனமாகவும் விழுந்தது.

"யாரு இத போட்டது?"

"நான்தாங்கம்மா."

"அவரு செத்துட்டாருன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க."

"எனக்கும் யாரும் சொல்லல," என்றார். "எனக்குச் சொல்லாம அவர யாரு எடுத்துப் போட்டுருவா? பழைய பிள்ளைங்கல்லாம் நாலு நாளா எனக்கு மெசேஜ் அனுப்புதுங்க. ஆழ்ந்த இரங்கலாம்."

இவர்தான் டீச்சர் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் முந்தானை நுனியை எச்சில் தொட்டு ஈரமாக்கி, கண்ணாடியில் இருந்த பொட்டைத் துடைத்தார். சந்தனம் காய்ந்திருந்ததால் சீக்கிரம் போகவில்லை. விடாமல் அழுத்தித் துடைத்தார். நான்கு மூலையையும் துடைத்தார். குழந்தை முகம் துடைக்கிற மாதிரி, கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான்.

"தெரியாத்தனமா பண்ணிட்டேம்மா. மன்னிச்சிடுங்க."

"தெரியலன்னா கேக்கணும்."

"ஆமாங்கம்மா."

"நீ அவரப் போயி பாத்தியா?"

"பாத்தேங்க."

"ஒடம்பு?"

"கால்ல கொஞ்சம் வீக்கம் இருக்குதுங்க. மத்தபடி நல்லாருக்காரு."

"காபில சக்கரய அள்ளிக் கொட்டினாருன்னா வீங்காம என்னா பண்ணும்?"

குடையை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர், மேற்குச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் படம் இருந்த இடமாக இருக்க வேண்டும், அங்கே இப்போது வேறு யாரோ வரைந்த ஒரு படகு தொங்குகிறது. அதையும் ஒரு நிமிடம் பார்த்தார்.

"அவர்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமாம்மா?" என்றேன்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றார். "மாலைய கால் படற எடத்துல போடாத."

போய்விட்டார். பொட்டு போன கண்ணாடிக்குப் பின்னால் கலியமூர்த்தி சாரின் முகம் பளிச்சென்று இருந்தது. நான் மாலையை வேப்பமரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டேன். வாட்ச்மேன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மேசைக்கு வந்து அந்தப் பச்சைத் தொலைபேசியிலிருந்தே போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"நான் தம்பி பேசறேன்."

"சார், நான் வளர்மதி. கேலரி."

"சொல்லும்மா."

"டீச்சர் வந்தாங்க."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது.

"அங்கியா? நேர்லயா?"

"ஆமாங்க சார்."

"அழுதாளா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வாரம் மேடத்திடம் ஒரு பொய் சொல்லிப் பழகியிருந்தேன், இன்னொன்று சொல்வதில் எனக்குச் சிரமம் இல்லை. அவர் இருபத்திரண்டு வருடமாகக் கேட்க நினைத்தது அதுதான். கடிதமும் கைக்கு வந்துவிடும். ஆனால் அந்த அம்மாள் எச்சில் தொட்டுத் துடைத்த கண்ணாடி எதிரே இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"இல்ல சார். அழுவல."

"ஓ," என்றார். குரல் சட்டென்று சின்னதாகிவிட்டது. "சரிம்மா."

"தலை நெறைய பூ வெச்சிகினு வந்தாங்க சார்."

நானே தொடர்ந்தேன்.

"மல்லி. பெரிய குங்குமம். மாலைய அவுங்கதான் கயட்டனாங்க. பொட்ட எல்லாத்தையும் தொடச்சாங்க. எனக்குச் சொல்லாம அவர யாரு எடுத்துப் போட்டுருவான்னு கேட்டாங்க."

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒருமுறை கேட்டது. நானும் அழுதுகொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்த நாள் முதலாக அழாதவள், ஒரு காலிக் கூடத்தில் நின்று அடுத்தவர் மனைவி வைத்திருந்த பூவுக்காக அழுதேன். நான் போய்விட்டதை நம்ப மறுத்து எனக்கும் அப்படி ஒருத்தர் வர வேண்டும் என்று அந்த நிமிடம் எனக்கு ஏக்கமாக இருந்தது. அதை மறைத்து எழுத விருப்பமில்லை.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்த லெட்டர கொஞ்சம் படிங்க. என்னான்னு போட்டிருக்குது?"

"நீங்க எங்கள மன்னிச்சிட்டதா போட்டிருக்குது சார்."

"அப்புறம்?"

"நீங்க உயிரோட இருக்கறதா."

"இருக்கேன்," என்றார். "எடுத்துகினு வாங்க, கையெழுத்துப் போடறேன்."